சோப்ளாங்கி எரிமலை

சான்ட்விக் பள்ளிக்கூடம்,
6 ஜூன் 1966

தம்பி பெர்குருக்கு,

நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது நேற்று மாலை ரேடியோச் செய்தியிலேயே தெரிந்துவிட்டது. குரல் கணீரென்று இருந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. புத்திதான் இல்லை.

இங்கே பள்ளிக்கூட ஹாலில் ஒன்பது குடும்பங்கள் படுத்துக்கிடக்கிறோம். ஸ்கல்லி மலை பொங்கிய அன்று கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஓடிவந்தவர்கள். எனக்கும் உன் அத்தான் தோர்கில்ஸுக்கும் ஆப்பிரிக்கா வரைபடத்துக்குக் கீழே இடம். ஆடுகள் கடலோரத்தில் நிற்கின்றன. உதறினால் கம்பளியிலிருந்து சாம்பல் கொட்டுகிறது. இந்த லட்சணத்தில், "நம்ம பெர்குர் பேசப்போறான்" என்று எல்லாரையும் கூப்பிட்டு ரேடியோவைச் சுற்றி உட்காரவைத்து, காபி ஊற்றியதும் நான்தான். தம்பி பெரிய நிலவியல்காரன் என்ற பெருமை.

செய்தியாளர் கேட்டார், இந்த வெடிப்பு எப்படிப்பட்டது என்று. நீ முதலில் சிரித்தாய். பிறகு சொன்னாய்: "உண்மையைச் சொன்னால், இது ஒரு ரைவில்."

ரைவில்! இடுப்பில் கால்சட்டை நிற்காதவன், மழையில் நனைந்த கோழி மாதிரி சந்தைக்குச் சந்தை அலைகிறவன், யாராவது பாவம் பார்த்துச் சூப்பு ஊற்றினால் குடிக்கிறவன், அந்தச் சோப்ளாங்கியை அல்லவா நாம் ரைவில் என்போம்?

ஃபின்போகி கோப்பையைக் கீழே வைத்தார். உனக்கு அவரைத் தெரியும், பக்கத்து ஹோல் பண்ணைக்காரர், எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர். அவருடைய கீழ்ப் புல்வயல் முழுக்க இப்போது கறுப்புப் பாறை.

"ஒட்னி, என் வயலத் தின்னுச்சே, அது சோப்ளாங்கியா? சோப்ளாங்கிக்குப் பயந்தா நான் பொட்டியத் தூக்கிட்டு ஓடியாந்தேன்? அப்ப நான் யாரு?"

உன் அத்தான் தும்மினார். அதற்குமேல் அவரால் ஆகவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. என் மகள் சோல்ரூனுக்கும் ஃபின்போகி மகன் டெய்டுருக்கும் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை கல்யாணம் என்று பேசியிருந்தோமே, அதை இப்போது அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டார். "மொதல்ல உன் தம்பி வார்த்தைய வாபஸ் வாங்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உன் மருமகள் அழவில்லை, ஆனால் உருளைக்கிழங்கை உரிக்கிற வேகத்தைப் பார்த்தால் உன்னை நினைத்துத்தான் உரிக்கிறாள் என்று தெரிகிறது.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். இந்த ஊர் லைன் உனக்கு மறந்துவிட்டது. யார் வீட்டு மணி அடித்தாலும் எல்லார் வீட்டு ரிசீவரும் உயரும். என் தம்பியை நான் திட்டுவதை ஊர் காபியோடு உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

வாபஸ் வாங்கு.

ஒட்னி


ரெய்க்யவிக்,
10 ஜூன் 1966

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் எல்லார் எதிரிலும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தது என் தப்பு. இப்போது இங்கே என் பெயரே 'நனைந்த கோழி'.

நான் சொன்னதை நிதானமாகக் கேள். 'ரைவில்' என்று நான் சொன்னது மலையின் குணத்தை அல்ல. வெளியே வந்த குழம்பின் அளவை. மற்ற வெடிப்புகளோடு ஒப்பிட்டால் இது சிறியது. அதில் ஃபின்போகியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிறியது ஒருவர் வயலில் விழுந்தால் அவருக்கு அது சிறியதல்ல என்பது எனக்குத் தெரியாதா?

குற்றம் நம் பாஷையிலும் இருக்கிறது, அக்கா. 'ஹ்ரொய்ன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள். தகதகவென்று ஓடிவருகிற குழம்பும் ஹ்ரொய்ன். அது ஆறிக் கல்லாகி, ஆயிரம் வருடப் பாசி படர்ந்து, மேலே ஆடு மேய்வதும் ஹ்ரொய்ன். ஆளைத் தின்ன வருவதற்கும் ஆடு நிற்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நிலவியல்காரன் என்ன நுணுக்கமாகப் பேசிவிட முடியும்?

சரி, திங்கட்கிழமைச் செய்தியில் திருத்தம் சொல்கிறேன். வார்த்தைகளை நன்றாக யோசித்து வைத்திருக்கிறேன். ஃபின்போகிக்கு மனம் குளிரும்.

ஆனால் ஒன்று விளையாட்டில்லை. என் கருவியில் இன்னும் ஓரோயி தெரிகிறது. நிலத்துக்கு அடியில் ஓயாத நடுக்கம் அது. சிறியது என்றுதான் சொன்னேன், முடிந்தது என்று சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்று என் வாயால் நான் சொல்லும்வரை ஒருவரும் பாலத்தைத் தாண்டக் கூடாது. அத்தானிடம் இரண்டு தடவை சொல்; அந்தச் செவிட்டு இடது காதில் சொல்லாதே.

பெர்குர்


சான்ட்விக் பள்ளிக்கூடம்,
14 ஜூன் 1966

தம்பி,

திருத்தம் கேட்டோம். "ஸ்கல்லியின் வெடிப்பை ரைவில் என்றது சரியல்ல. அது அடக்கமான, ஒழுங்காக நடந்துகொள்கிற வெடிப்பு."

ஃபின்போகி எழுந்து நின்றார். "அடக்கமாம்! ஒழுங்காம்! என் மருமவளுக்குக் குடுக்க வேண்டிய சர்டிபிகேட்ட மலைக்குக் குடுக்கிறான்டா!"

அவ்வளவுதான், ஹாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. முந்தியதே தேவலை என்று ஒரு கட்சி. இல்லை, இதுதான் மரியாதை என்று இன்னொரு கட்சி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கட்சியும் தனித்தனி பெஞ்சு. கடைசியில் சோல்ரூன் உருளைக்கிழங்குக் கத்தியோடு நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, கல்யாணம் எனக்கா, மலைக்கா?"

"உனக்குத்தாம்மா."

"டெய்டுர் ரைவிலா?"

"சேச்சே, எம் புள்ளய யாரு சொன்னா?"

"அப்புறம் என்ன? மலைய யாரு என்ன சொன்னா நமக்கென்ன?"

ஃபின்போகி குனிந்து பூட்ஸ் நாடாவை இறுக்கினார். பிறகு இறங்கி வந்தார், முழுதாக அல்ல, பாதிதான். கல்யாணம் பேசிய நாளிலேயே, இந்தப் பள்ளிக்கூடத்திலேயே நடக்கும். ஆனால் நீ வர வேண்டும். "ரேடியோவுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுப் பேசுறது பெருசில்ல. நேர்ல வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்" என்கிறார். எனக்கும் அது நியாயம் என்றுதான் படுகிறது. நீ இந்தப் பக்கம் வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று நான் எழுதப்போவதில்லை. உனக்கே எண்ணத் தெரியும்.

ஒரு வேலையும் உண்டு. கல்யாணத்துக்கு க்ளைனா பலகாரம் சுடுகிறேன், கேக் இருக்கிறது, புகையில் வாட்டிய ஆட்டுத்தொடை இருக்கிறது. கொஸ்தான் இல்லை. இங்கே கடையில் ஒரு பாட்டில்கூடக் கிடையாது. ஆரஞ்சு கொஸ் நாலு பெட்டி லாரியில் போட்டு அனுப்பு. உன் அத்தான், "மேல பொங்குற கொஸ் இருக்கு, குடிக்கிற கொஸ் இல்லயே" என்று இதையே நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். எரிமலை பொங்குவதற்கும் சோடாவுக்கும் ஒரே பெயரை வைத்த மகராசன் மட்டும் என் கையில் கிடைத்தால்!

ஓரோயி பற்றி எழுதியிருந்தாய். மனசு நிலைகொள்ளாததற்கும் நாம் அதே சொல்லைத்தானே சொல்வோம், அது உன் அத்தானுக்கும் இருக்கிறது. தினமும் பாலம்வரை போய், பைனாகுலரில் நம் துங்கா பண்ணைக் கூரையைப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கு" என்கிறார். சிரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒட்னி


ரெய்க்யவிக்,
21 ஜூன் 1966

அக்கா,

இதைப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். யார் உயிரோடு இருந்தாலும் ஒரு வரி எழுதி அவரிடமே கொடுங்கள். அவர் நின்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நடந்தது இதுதான். தேசிய நாள் கொண்டாட்டத்தில் ரெய்க்யவிக்கில் இருந்த ஆரஞ்சு கொஸ் அத்தனையும் விற்றுத் தீர்ந்துவிட்டது. நாலு கடை ஏறி இறங்கினேன். கல்யாணம் நெருங்கிவிட்டது, கடிதம் போய்ச் சேராது என்று இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்:

"பெர்குர் பேசறேன். அக்காகிட்ட சொல்லிடுங்க, கொஸ் முடிஞ்சுபோச்சு."

பிறகு லைன் முழுக்க டக், டக், டக் என்று ரிசீவர் வைக்கிற சத்தம். அதற்குப் பின்னால் ஒரே ஆரவாரம். யாரோ அழுதார்கள். யாரோ என் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. "ஆரஞ்சு மட்டும்தான்! எலுமிச்சை இருக்கு! எலுமிச்சை இருக்கு!" என்று கத்தினேன். ரிசீவர் அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது போல. தேவாலய மணி அடிப்பது அதன் வழியாகவே கேட்டது.

மறுபடி மறுபடி அழைத்தேன். எடுக்க ஆளில்லை. பாலத்துக்குக் காவல் இருக்கிற அதிகாரி வீட்டுக்குப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். "தடுப்பைத் தூக்கி வெச்சிட்டு, தன் கொட்டகையப் பாக்க அவரும்தான் போயிட்டாரு. எல்லாம் உங்க புண்ணியம்" என்றார்.

மதியத்துக்குள் கருவியின் முள் காகிதத்தை விட்டே வெளியே ஓடிவிட்டது.

பதினைந்து நாள் நான் ஒரு வார்த்தைக்காக வக்கீல் மாதிரி வாதாடினேன். இன்னொரு வார்த்தையால் உங்களையெல்லாம் அதன் வாய்க்கே அனுப்பிவிட்டேன். எழுத எனக்குக் கை வரவில்லை. பதில் போடு, அக்கா. திட்டியாவது போடு.

பெர்குர்


சான்ட்விக் பள்ளிக்கூடம்,
22 ஜூன் 1966

தம்பி,

உயிரோடு இருக்கிறோம். எல்லாரும். ஃபின்போகியின் கோழிகள் உட்பட. முதலில் ஒரு வாய் காபி குடி, பிறகு படி. ஓட்டுநர் பள்ளிக்கூடச் சமையலறையில் மூன்றாவது க்ளைனாவைத் தின்றுகொண்டிருக்கிறார், அவசரமில்லை.

போனை எடுத்தது உன் அத்தான். அந்த இடது காதில் வைத்துத்தான். நான் கடலோரத்தில் ஆட்டுக்குச் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தேன். நானே எடுத்திருந்தால், "சரி, எலுமிச்சை அனுப்பு" என்றிருப்பேன், கதை முடிந்திருக்கும். மணிச் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் பாதி ஊர் லாரியில் ஏறிவிட்டது. "பெர்குரே சொல்லிட்டான்!" என்றார்கள். உன் வாயால் நீ சொன்னால்தான் தாண்ட வேண்டும் என்று எல்லாரிடமும் அடித்துச் சொல்லிவைத்தவளே நான். நானும் ஏறினேன்.

துங்காவில் கதவைத் திறந்து கூட்ட ஆரம்பித்தேன். ஃபின்போகி ஹோலுக்குப் போய் முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டாராம். கோப்பையை வாயில் வைக்கும்போது தரை அசைந்தது. அலமாரித் தட்டெல்லாம் பேச ஆரம்பித்தது. வெளியே நின்ற டெய்டுர் கத்தினான்: "அப்பா! மேல் வயலுக்கு மேல மலை பொளந்துக்கிச்சு!"

எங்களுக்கும் தெரிந்தது. கறுப்புச் சரிவில் சிவப்பாக ஒரு தையல் பிரிந்தது போல. அது ஹோலை நோக்கித்தான் இறங்கியது. ஆனால் பெர்குர், அது எவ்வளவு மெதுவாக வந்தது என்கிறாய்! பாதிரியார் முன்னே நடக்கிற சவ ஊர்வலம்கூட அதைவிட வேகம். முன்னால் கல் உருண்டு விழும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஒரு முழம். அதைப் பார்த்ததும் ஓட வந்த கால்கள் நின்றன. சோல்ரூன்தான் முதலில் வாய் திறந்தாள்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சாமான எடுங்க!"

ஒன்பது குடும்பமும் ஹோலுக்குள் புகுந்தோம். லாரிகள் பாலத்துக்கும் பண்ணைக்குமாக ஓடின. கட்டில், ஹார்மோனியம், கம்பளி மூட்டை, கோழிகள். அடுப்பைச் சூட்டோடு சூட்டாகத் தூக்கினார்கள், மேலே காபிக் கெண்டியும் இருந்தது. இன்னும் நேரம் இருந்தது. ஜன்னல்களைக் கழற்றினார்கள். அப்புறம் கதவுகள். தடுப்பைத் திறந்துவிட்ட அந்த அதிகாரியே தொட்டித் தண்ணீர்க் குழாயைத் திருகிக் கழற்றிக்கொண்டு நின்றார்.

எல்லாம் போன பிறகு ஃபின்போகி துடைப்பத்தை எடுத்துச் சமையலறையைக் கூட்டினார். மூலை மூலையாக. யாரும் தடுக்கவில்லை. அந்தத் தரையில்தான் அவர் மனைவி முப்பது வருடம் நடந்தாள். கூட்டி முடித்து வெளியே வந்து, பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைப் பூட்டத் திரும்பினார். கதவு லாரியில் இருந்தது.

அவர் சாவியோடு அப்படியே நின்றார். சிரிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அந்தத் தண்ணீர் அவருக்கு மட்டும் நிற்கவில்லை.

மாலையில் குழம்பு சுவரைத் தொட்டது. அவர் மலையைப் பார்த்துக் கை நீட்டி, "காலையிலேர்ந்து வர்றியே, இவ்ளோ நேரமா? சோப்ளாங்கி!" என்றார். தன் வாயாலேயே. ரைவில் என்று நீ சொன்னதைவிட எவ்வளவோ நன்றாகச் சொன்னார்.

ஹோல் போய்விட்டது, தம்பி. புகைபோக்கியின் முனை மட்டும் தெரிகிறது. குழம்பு பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது. துங்காவுக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம். நீ எல்லாவற்றையும் அறிந்துதான் போன் செய்தாய் என்று ஃபின்போகி நம்புகிறார். "இன்னிக்கிப் போகலன்னா ஒரு கரண்டி மிஞ்சியிருக்காது. நேரா சொன்னா அதிகாரி விடமாட்டான்னு சூசகமாச் சொன்னான் பாரு, அவன் விஞ்ஞானி!" என்கிறார். ஆரஞ்சு விவகாரம் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். என்ன செய்வது என்று நீயே சொல்.

கல்யாணம் சனிக்கிழமைதான். ஆனால் ஹோலில்தான் பிள்ளைகள் குடித்தனம் வைப்பதாக இருந்தது. துங்காவுக்கு வாருங்கள் என்றேன். ஃபின்போகி, "சம்பந்தி வீட்டுல ஒண்டிக் கெடக்கவா?" என்று மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஒட்னி


ரெய்க்யவிக்,
23 ஜூன் 1966

அக்கா,

உன் கடிதத்தை ஓட்டுநர் கொடுத்ததும் பேருந்து நிலையத்தில் நின்றே படித்தேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அதே பெஞ்சில் இதை எழுதுகிறேன்.

அப்பா எனக்கென்று பிரித்துக் கொடுத்த மேட்டு நிலம் துங்காவுக்கு மேற்கே சும்மா கிடக்கிறது. நான் உழவும் இல்லை, உனக்கு விடவும் இல்லை. நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்ற கூச்சத்தில்தான் நான் ஊர்ப்பக்கம் வராமல் இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? அங்கே ஒரு நாள் திரும்பி வருவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்த நிலம் தேவைப்பட்டது. வரமாட்டேன் என்பது உனக்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும்.

அதைச் சோல்ரூனுக்கும் டெய்டுருக்கும் கொடுக்கிறேன். ஃபின்போகி அங்கே தன் கையால் வீடு கட்டிக்கொள்ளட்டும். அப்போது அவர் யார் வீட்டிலும் ஒண்டவில்லை, அவர்கள்தான் அவர் கட்டிய வீட்டில் இருப்பார்கள். நிலம் பழைய ஹ்ரொய்ன்தான், பாசி படர்ந்தது. கடப்பாறை போடும்போது என்னைத் திட்டுவார். உறுதியான தரை, அது மட்டும் விஞ்ஞானியாகச் சொல்கிறேன்.

ஆரஞ்சு விஷயத்தை அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். மூஞ்சியைப் பார்த்து. வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். எலுமிச்சை நாலு பெட்டி என் மடியில் வரும்.

பெர்குர்


துங்கா,
2 அக்டோபர் 1966

தம்பி,

நீ போன பிறகு எழுத நேரமே இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பதே இப்போதுதான் நம்பிக்கைக்கு வருகிறது. கூரைச் சாம்பலை இன்னும் அள்ளுகிறோம்.

கல்யாணத்தன்று நீ எழுந்து நின்று ஆரஞ்சுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாயே, அதை இன்றுவரை யாரும் நம்பவில்லை. "எவ்ளோ பெரிய படிப்பு, எவ்ளோ தன்னடக்கம் பாரு" என்று ஃபின்போகி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துப் பார்த்தேன். "நீ அக்கா, உனக்கு அவன் அருமை தெரியாது" என்று எனக்கே பாடம். விட்டுவிட்டேன்.

வீடு எழும்பிவிட்டது. கூரை போடும்வரை மூவரும் இங்கேதான். ஒண்டுவது என்று சொல்லக் கூடாது, "தங்கி மேற்பார்வை பண்றேன்" என்று சொல்ல வேண்டும். ஹார்மோனியம் என் கூடத்தில் இருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு துதிப்பாட்டுதான் தெரியும், அதுவும் முக்கால்தான். அந்தக் கால் பாகத்துக்கு வரும்போது உன் அத்தான் இடது காதைத் திருப்பிக்கொள்கிறார். காபிக்கொட்டை தீர்கிற வேகத்தைப் பார்த்தால் உனக்கு நன்றி சொல்வதா, உன்னை ஆற்றில் தள்ளுவதா என்று புரியவில்லை. சோல்ரூனுக்குக் காலையில் காபி வாசமே ஆகவில்லை, அதற்கு மட்டும் காரணம் நீ இல்லை. மார்ச்சில் தெரிந்துவிடும்.

புதுப் பண்ணைக்கு ஒரு பெயர் வேண்டுமே. போன வாரம் ஃபின்போகியே பலகை செதுக்கி மேட்டில் நட்டுவிட்டார். பெர்குர்ஸ்தாதிர், பெர்குரின் இடம். ஒரு நாள்கூட நீ குடியிருக்காத பண்ணைக்கு உன் பெயர். தோர்கில்ஸ் அங்கே வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும்தான்.

ஆனால் பலகையில் உன் பெயரின் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். சொன்னேன். திருத்த மாட்டாராம். "வார்த்தைக்குச் சண்ட போட்ட காலமெல்லாம் போச்சு ஒட்னி" என்கிறார்.

நீயே வந்து பேசிக்கொள்.

அக்கா
ஒட்னி